மோட்டவுன் பிறந்தநாளும் பால்கனியில உக்காந்திருந்த மனுஷனும்

ஜனவரி 12 வந்தா போதும், பழைய பாட்டு கேக்கற குரூப் எல்லாத்துலயும் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனி மோட்டவுனோட பிறந்தநாள் பதிவா ஓடும். 1959ல அந்தத் தேதியிலதான் பெர்ரி கோர்டி, வீட்ல எல்லாரும் சேந்து போட்டு வச்சிருந்த குடும்பப் பணத்துல 800 டாலர் கடன் வாங்கி டெட்ராய்ட்ல டாம்லா ரெக்கார்ட்ஸ்னு ஆரம்பிச்சார், அதுதான் பின்னாடி மோட்டவுன் ஆச்சு, 1988ல அதே கம்பெனிய 6 கோடியே 10 லட்சம் டாலருக்கு வித்தார். கார் ஃபேக்டரி அசெம்பிளி லைன்ல வேலை பாத்த ஒரு கறுப்பின இளைஞர் அந்தக் காலத்து அமெரிக்காவுல இதைச் செஞ்சு காட்டினது சாதாரண விஷயமே கிடையாது. அவருக்கு வர்ற வாழ்த்துல எனக்கு ஒரு குறையும் இல்ல.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேற. பிறந்தநாள் பதிவு போடற எல்லாரும் கூடவே ஒரு வீடியோவும் போடறாங்க, 1983ல எடுத்த 25வது ஆண்டு விழா, அதுல மைக்கேல் ஜாக்சன் முதல் தடவையா டிவியில மூன்வாக் ஆடுவார். (கணக்குப் பாத்தா அப்ப 24 வருஷம்தான் முடிஞ்சிருந்துச்சு, அத விடுங்க. அவர் ஆடின பில்லி ஜீன் பாட்டே மோட்டவுன் பாட்டு கிடையாது, எபிக் கம்பெனியோடது.) மார்ச் 25ம் தேதி கலிஃபோர்னியாவுல பாசடினா ஆடிட்டோரியத்துல ஷூட் பண்ணாங்க, மே 16 டிவியில போட்டாங்க, அமெரிக்காவே உக்காந்து பாத்துச்சு. அந்த வீடியோ ஓடும்போதெல்லாம் என் கண்ணு மேடையில நிக்காது. கேமரா காட்டாத பால்கனி இருட்டுக்குத்தான் போகும். ஏன்னா அங்க, தன் காசுல டிக்கெட் வாங்கிட்டு, ஜேம்ஸ் ஜேமர்சன் உக்காந்திருந்தார்.

யார்னு நிறைய பேருக்குத் தெரியாது, அதுதான் என் வருத்தமே. மோட்டவுன் 60கள்ல போட்ட ஹிட்டுகள்ல பெரும்பாலானதுல கேக்கற பேஸ் கிட்டார் அவர் வாசிச்சது. வலது கையில ஒரே ஒரு விரலாலதான் வாசிப்பார், ஆள்காட்டி விரல் மட்டும்தான், அதுக்கே கூட இருந்தவங்க 'கொக்கி'ன்னு பேர் வச்சிருந்தாங்க. கம்பிய அறுந்தா ஒழிய மாத்த மாட்டார், அந்த அழுக்குலதான் சத்தமே இருக்குன்னு நம்பினவர். எங்க பெரியப்பா இருபது வருஷம் ஆர்கெஸ்ட்ராவுல பேஸ் வாசிச்சவர், அவர்தான் எனக்கு முதல்ல மோட்டவுன் பாட்டுக் குழு ஃபோர் டாப்ஸோட பெர்னடெட் பாட்டப் போட்டு, "பாடறவன விட்டுட்டு அடியில என்ன ஓடுதுன்னு மட்டும் கேளுடா"ன்னு சொன்னார். கேட்டேன். பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டு தனியா ஓடிட்டிருக்கு. மூணு நிமிஷமும் அந்த மனுஷன் ஒரு இடத்துல சும்மா நிக்கல, ஆனா பாடறவங்க வழியில ஒரு தடவை கூடக் குறுக்க வரல.

டெட்ராய்ட்ல வெஸ்ட் கிராண்ட் பொலிவார்ட், 2648ம் நம்பர் வீடு, அதோட கராஜைத்தான் ஸ்டூடியோவா மாத்தியிருந்தாங்க. கூரையிலிருந்து ஒயர் ஒயரா தொங்கும், அதனால வாசிக்கறவங்க அதுக்குப் பாம்புக்குழின்னு பேர் வச்சாங்க. கீபோர்டுல ஏர்ல் வான் டைக், டிரம்ஸ்ல பென்னி பெஞ்சமின், கிட்டார்ல ராபர்ட் வைட், எடி வில்லிஸ், ஜோ மெசினா, டம்புரின்ல ஜாக் ஆஷ்ஃபோர்டு, இன்னும் சில பேர், எல்லாரையும் சேத்து ஃபங்க் பிரதர்ஸ். பாதிப் பேர் ஜாஸ் வாசிச்சு வந்தவங்க, ராத்திரி கிளப்ல வாசிச்சிட்டு மறுநாள் இங்க வந்து உக்காருவாங்க. இவங்க வாசிச்ச ரெக்கார்டு லட்சக்கணக்குல வித்துச்சு, அட்டையில ஒருத்தர் பேரும் வரல. 1971ல மோட்டவுன் பாடகர் மார்வின் கேயோட வாட்ஸ் கோயிங் ஆன் ஆல்பத்துலதான் முதல் தடவையா பேர் போட்டாங்க, அதுல ஜேமர்சனுக்கு 'ஈடு இணையில்லாத'ன்னு ஒரு அடைமொழி வேற. கம்பெனி ஆரம்பிச்சுப் பன்னெண்டு வருஷம் கழிச்சு. பேர் போட்டா மத்த கம்பெனிக்காரன் கொத்திட்டுப் போயிடுவான்னு ஒரு சமாதானம் சொல்லுவாங்க, எனக்கு அது ஒப்பல, கொத்திட்டுப் போயிடுவான்னு பயம் இருந்தா காசை ஏத்திக் குடுத்து வச்சிக்கணும், பேரை மறைச்சு இல்ல.

மறு வருஷமே, 1972ல, கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாறிப் போயிடுச்சு. ரெக்கார்டிங்னு கிளம்பி வந்தவங்க கதவுல ஒட்டியிருந்த நோட்டீஸப் பாத்துத்தான் இன்னைக்கு வேலை இல்லன்னு தெரிஞ்சிக்கிட்டாங்களாம், அவங்களே சொல்லியிருக்காங்க. ஜேமர்சனும் பின்னாடியே லாஸ் ஏஞ்சல்ஸ் போனார், அங்க காலம் வேற மாதிரி ஆயிடுச்சு, குடி வேற, வேலை குறைஞ்சுக்கிட்டே போச்சு.

அப்படி இருந்த ஆளுதான் அந்த ராத்திரி பால்கனியில. மேடையில மார்வின் கே வந்து வாட்ஸ் கோயிங் ஆன் பாடறார், யோசிச்சுப் பாருங்க, அந்தப் பாட்டோட பேஸ் லைன வாசிச்ச மனுஷன் கூட்டத்தோட கூட்டமா உக்காந்து கேட்டுட்டு இருக்கார். நாலு மாசம் கழிச்சு, ஆகஸ்ட் 2, இறந்துட்டார். 47 வயசு.

ராபர்ட் வைட் கதை இன்னொண்ணு. மை கேர்ள் பாட்டு ஆரம்பத்துல ஏறி ஏறி வர்ற அந்தக் கிட்டார், உலகத்துல எங்க போட்டாலும் ரெண்டு செகண்டுல கண்டுபிடிச்சிடுவாங்க, அது அவர் வாசிச்சது. ஒரு நாள் ரெஸ்டாரன்ட்ல சாப்பாடு சொல்லிட்டு இருக்கும்போது அந்தப் பாட்டு ஓடுது, "தம்பி இது நான் வாசிச்சது"ன்னு சர்வர்கிட்ட சொல்ல வாயெடுத்தவர் அப்படியே முழுங்கிட்டார், ஏதோ கிழவன் உளறுதுன்னு நினைச்சிடுவானேன்னு. ஃபங்க் பிரதர்ஸ் பத்தி 2002ல ஸ்டாண்டிங் இன் த ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன்னு டாகுமென்ட்டரி வந்துச்சு, அதுல இதைச் சொல்லுவாங்க. நான் அந்த இடத்துல நிறுத்திட்டு எழுந்து போயிட்டேன், தாங்கல. ராபர்ட் வைட் 1994லயே போயிட்டார், படத்தையும் பாக்கல, 2004ல ஃபங்க் பிரதர்ஸுக்குக் குடுத்த கிராமி வாழ்நாள் சாதனை விருதையும் பாக்கல.

எங்க பெரியப்பாவோட ஆர்கெஸ்ட்ரா போஸ்டர் ஒண்ணு இன்னும் அவர் பீரோவுல இருக்கு. பாடகர் போட்டோ, பாடகி போட்டோ, கீழ பொடி எழுத்துல 'குழுவினர்'. அந்தக் குழுவினர்தான் பெரியப்பா. பழைய கேசட் அட்டையைத் திருப்பிப் பாருங்க, இசை, பாடல், பாடியவர், அதோட சரி. இது டெட்ராய்ட்டுக்கு மட்டும் சொந்தமான கதை இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்.

அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அடுத்த வருஷம் வாழ்த்துப் பதிவு போடறவங்க, தாராளமா போடுங்க, மூன்வாக் வீடியோவும் போடுங்க, கூடவே ஒரு வரியில இந்தப் பேருங்களையும் எழுதுங்க. வாசிச்சவங்க பேர் இல்லாம ஒரு ரெக்கார்டு கம்பெனிக்கு என்ன பிறந்தநாள்? ஜேமர்சன் பிறந்தது ஜனவரி 29, 1936. கம்பெனி பிறந்தநாள் முடிஞ்சு 17வது நாள். நான் அன்னைக்குத்தான் பதிவு போடப் போறேன், பெர்னடெட் லிங்க் முதல் கமென்ட்ல இருக்கும், ஹெட்போன்ல கேளுங்க, போன் ஸ்பீக்கர்ல பேஸ் கேக்காது.