மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, ஆணியைப் பாருங்கள்
மரவீடுகள் என்பதால்தான் அமெரிக்காவின் கிரீன்ஸ்பர்க் ஊர் சுழற்காற்றில் தரைமட்டமானது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது பாதிதான் சரி. 2007 மே 4 இரவு கான்சஸ் மாநிலத்தின் அந்தச் சிற்றூரில் இறங்கியது இஎஃப்-5 சுழற்காற்று (சுழற்காற்றின் வலுவைச் சொல்லும் 0 முதல் 5 வரையான இஎஃப் அளவுகோலில் உச்சம்). ஊரில் சுமார் 95 சதவீதம் போனது, கான்கிரீட் தானியக் கிடங்கு நின்றது. ஆனால் மரவீடு பெரும்பாலும் மரம் முறிந்து விழுவதில்லை, இணைப்பு விட்டுத்தான் விழுகிறது. கார் நிறுத்தும் கராஜின் அகலமான கதவு முதலில் உள்வாங்கி மடங்கும். புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ள, மேலே ஓடும் காற்று உறிஞ்சி இழுக்கும். கைமரத்தைச் சுவரோடு பிடித்திருப்பது சாய்வாக அடித்த இரண்டு மூன்று ஆணிகள். அவை அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். கூரை போனால் சுவருக்கு ஏது பிடிமானம்? அடியிலும் இதே கதைதான்: சுவரின் அடிச்சட்டத்தை அஸ்திவாரத்தோடு 6 அடிக்கு ஒரு அரை அங்குல ஆங்கர் போல்ட் பிடிக்க வேண்டும். பல இடிபாடுகளில் பார்த்தால் போல்ட் நிமிர்ந்து நிற்கும், நட்டும் வாஷரும் மாட்டியே இருக்க மாட்டார்கள்! ஓக்லஹோமாவின் மூர் நகரம் 2014இல் விதியை மாற்றியது: மணிக்கு 135 மைல் காற்றைத் தாங்கும் கட்டுமானம், ஆணிக்குப் பதில் கூரையைச் சுவரோடு இறுக்கும் உலோக ஹரிகேன் கிளிப், உறுதியான கராஜ் கதவு. இஎஃப்-5க்கு இது போதாதுதான். ஆனால் வருகிற சுழற்காற்றுகளில் மிகப் பெரும்பாலானவை இஎஃப்-2க்குள் அடங்கியவை. சன்னலைத் திறந்துவைத்தால் வீட்டுக்கு உள்ளும் வெளியும் காற்றழுத்தம் சமமாகும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், அது காற்றுக்கு நாமே வழி விடுவது. அந்த நேரத்தில் நிலவறைக்கு ஓடுங்கள், இல்லையென்றால் கீழ்த்தளத்தில் சன்னலில்லாத உள் அறைக்கு.