மெட்டி ஒலியைக் காதால் பார்த்தவர்கள்

சன் டிவியில் ஓடிய மெட்டி ஒலி தொடர் பற்றி மறுபடியும் எல்லோரும் எழுத ஆரம்பித்திருக்கிறீர்கள். சரோவின் மாமியார் பேசின பேச்சு, சரோ புருஷன் மாணிக்கத்தின் கோபம், ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் நல்ல அப்பாவா இல்லையா, எந்தக் கிளைக்கதையை இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம், எந்தத் தங்கச்சிக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று பதிவு பதிவாக வருகிறது. எல்லாவற்றையும் ஆசையாகத்தான் படிக்கிறேன். ஆனால் அதில் எங்கள் பக்கத்துப் பெண்களின் மெட்டி ஒலி இல்லை. அவர்கள் பார்த்தது வேற மெட்டி ஒலி. சரியாகச் சொன்னால் அவர்கள் பார்க்கவே இல்லை, கேட்டார்கள்.

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், வீரவநல்லூர், அந்தப் பக்கம் மேலப்பாளையம் என்று எங்கே போனாலும் பெண்கள் கையில் பீடி இலை இருக்கும். பொண்ணு பார்க்க வந்தால் சமைக்கத் தெரியுமா என்று கேட்பதோடு பீடி சுத்தத் தெரியுமா என்றும் கேட்ட ஊர்கள் இவை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. பகலில் சமையல், தண்ணீர், பிள்ளைகள், மாடு எல்லாம் போக மீதிப் பீடியை ராத்திரிதான் சுற்றி முடிக்க வேண்டும், மறுநாள் பீடிக்கடையில் கொடுத்தாக வேண்டும். 2002-இல் மெட்டி ஒலி தொடங்கியபோது எங்கள் தெருவில் டிவி இருந்த வீடு கொஞ்சம்தான். செய்தி முடிகிற நேரத்துக்குப் பெரியம்மை வீட்டுப் பட்டாசலில் (முன்னறையில்), பீடி சுற்றும் சுளவும் (முறமும்) கையுமாக எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நித்யஸ்ரீ குரலில் தலைப்புப் பாட்டு கேட்டதும் பேச்சு நின்றுவிடும். அந்தப் பாட்டுக்கு ஆடிய சாந்திக்கு இன்று வரைக்கும் மெட்டி ஒலி சாந்தி என்றுதான் பெயர், ஆனால் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அந்த அறையில் பிள்ளைகளான நாங்கள் மட்டும்தான். பெரியவர்கள் எல்லோருக்கும் கண் சுளவில். தலையைத் தூக்கினால் எண்ணிக்கை குறையும், இலை கிழியும், பீடியின் வாய் மடக்குவது சரியாக வராது, கடையில் கழித்துப் போடுவார்கள்.

ஆகவே காதுதான். வசனம் கேட்கும், பின்னணி இசை கேட்கும். யாராவது திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால் மட்டும் ஆச்சி கேட்பாள், "ஏட்டி, என்ன ஆச்சு? அவ என்ன செய்யுதா?" நாங்கள் சொல்வோம். "ஒண்ணும் பேசல ஆச்சி, சும்மா பாத்துகிட்டு நிக்கா." அவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லத் தெரிந்தது. அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று பத்து வயசுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லத் தெரியும்?

இதனால் என்ன ஆயிற்றென்றால், சத்தமாகப் பேசினவர்கள் எல்லோரும் எங்கள் தெருவில் நன்றாக வாழ்ந்தார்கள். சரோவின் மாமியார் (சாந்தி வில்லியம்ஸ், அந்தக் குரலை யாரால் மறக்க முடியும்), மாணிக்கமாக வந்த சேத்தன், போஸாக நடித்து அந்தப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட போஸ் வெங்கட், எல்லோரையும் குரலை வைத்தே அடையாளம் தெரியும். ஐந்து பெண்களில் தனமும் சரோவும் லீலாவும் தெரியும். அமைதியாக நின்ற இடங்களில் விஜியும் பவானியும் அந்தப் பட்டாசலில் இல்லவே இல்லை. வாய் திறக்காத பாத்திரம் பீடி சுற்றுகிறவர்களுக்கு இல்லாத பாத்திரம். இன்றைக்கு நீங்கள் கவனிக்கத் தவறிய கதாபாத்திரங்கள் என்று பட்டியல் போடுகிறீர்களே, எங்கள் பட்டியல் இங்கிருந்துதான் தொடங்கும். எழுதினவர்களும் இயக்கினவர்களும் அவர்களை விடவில்லை, வேலைதான் அவர்களை எங்களிடமிருந்து மறைத்தது.

அப்புறம் தவறிப்போன அத்தியாயங்கள். 800-க்கும் மேல் ஓடிய தொடர், அதில் எங்களுக்குக் கிடைக்காமல் போனது எத்தனையோ. அம்மன் கோயில் கொடை (திருவிழா) வந்தால் மைக் செட் சத்தத்தில் டிவி என்ன பேசுகிறது என்றே தெரியாது. கேபிள் அறுந்து கிடக்கும். கல்யாண வீடு, துட்டி (சாவு) வீடு. அப்படி விட்டுப்போன கதையை மறுநாள் காலையில் பீடிக்கடைக்குப் போகிற வழியில் பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒரு மைனி (அண்ணி) அதில் கெட்டிக்காரி. அவள் சொல்லுகிற கதையில் நடந்ததும் இருக்கும், நடந்திருக்க வேண்டியதும் இருக்கும், இரண்டுக்கும் நடுவே கோடு கிடையாது. மாமியார் ஒன்று சொன்னாள் என்பாள், உடனே "அதுக்கு இவ விடுவாளா, நீங்க போட்ட சோத்துக்கு நான் உழைக்கலையான்னு கேட்டுட்டால்லா" என்பாள். சிதம்பரம் சம்பந்தி வீட்டு வாசலில் கைகட்டி நின்றதைச் சொல்வாள், தொடர்ந்து "போதும் மக்கா, பெட்டிய எடு, வீட்டுக்கு வான்னு அந்த மனுசன் சொன்னாரு பாத்துக்க" என்பாள். கேட்கிறவர்களுக்கும் மனசு ஆறும். அன்றைக்குப் பீடியைக் கொஞ்சம் வேகமாகவே சுற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது அம்மா செல்போனில் பழைய அத்தியாயங்களைப் பார்க்கிறாள். பார்க்கப் பார்க்க நடுவில் நிறுத்தி என்னிடம் கேட்கிறாள், "இந்த எடத்துலதான சரோ அவன நல்லா கேப்பா? அத ஏன் காணல?" நானும் முன்னே பின்னே தள்ளிப் பார்த்தேன். அப்படி ஒரு காட்சியே இல்லை. அவள் கேட்கவே இல்லை. அழுதாள், உள்ளே போனாள், அடுத்த காட்சி வந்துவிட்டது. இருபது வருடமாக அம்மா மனதில் வைத்திருந்தது மைனி சொன்ன சரோவை. அந்தச் சரோ எதிர்த்துப் பேசினவள்.

இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. "சீரியல் பார்த்துப் பார்த்து நம் பெண்கள் அழுகுணி ஆகிவிட்டார்கள், மாமியார் மருமகள் சண்டையைக் கற்றுக்கொண்டார்கள்" என்று எழுதுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், படித்தவர்கள், நல்லவர்கள், என் நட்பு வட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்கிறேன்: எங்கள் தெருப் பெண்கள் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. பிடிக்காத இடத்தைத் திருத்திச் சொன்னார்கள். சென்னையில் உட்கார்ந்து எழுதினவர்கள் சரோவுக்குக் கொடுக்காத வசனத்தை முக்கூடல் ரோட்டில் நடந்துகொண்டே ஒரு பீடிக்காரப் பெண் எழுதினாள். இன்றைக்கு ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரத்துக்குப் புதுக் கதை எழுதிப் பதிவு போட்டால் கற்பனைவளம் என்று பாராட்டுகிறோம். அதையே பள்ளிக்கூடம் தாண்டாத பெண்கள் வாயால் செய்தபோது வீண்பேச்சு என்றோம். எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

மாணிக்கம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த முறை பதிவுகளைப் படித்தபோது எனக்கு மிகவும் உறுத்தியது அதுதான். திட்டு முழுவதும் மாமியாருக்கே போகிறது. அன்றைக்கும் அப்படித்தான், நடுத் தெருவில் நின்று அந்த அம்மாவுக்குச் சாபம் விட்டார்கள். ஆனால் மறுபடி உட்கார்ந்து பார்த்தால் அந்த வீட்டில் சரோவுக்கு நடக்கிற ஒவ்வொன்றையும் ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கக் கூடியவன் மாணிக்கம். அம்மா சொன்னாள், கோபம் வந்தது என்பதெல்லாம் அவனுக்குக் காரணமாகக் கொடுத்து அவனை விட்டுவிடுகிறோம். சேத்தன் அவ்வளவு நன்றாக நடித்ததனாலேயே அவன் முகத்தில் வருகிற குழப்பத்தைப் பார்த்து இரக்கப்படுகிறோம். காதால் கேட்டவர்களுக்கு அந்த முகம் தெரியாது, அவர்களுக்கு அவன் வெறும் குரல், கத்துகிற குரல். அதனால்தானோ என்னவோ ஆச்சி மட்டும் அப்போதே சொன்னாள்: "கெழவிய ஏன் வையுதிய? அந்தச் சவத்துப் பய வாயத் தெறந்து வேண்டாம்மான்னு சொன்னா முடிஞ்சுபோச்சு." அந்தப் பட்டாசலில் உட்கார்ந்து சுற்றினவர்களில் பாதிப் பேர் வீட்டில் பீடிக்கூலியில்தான் அடுப்பு எரிந்தது, கூலியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனது மாணிக்கங்கள்.

2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. வீட்டுக்கு வீடு டிவி. நல்ல விஷயம்தான், அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டிய நிலைமை போனது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கோலங்கள் ஓடினபோது அவரவர் வீட்டில் அவரவர் சுளவு. 2003-இல் தொடங்கி 2009 வரை ஓடிய தொடர், 1500 அத்தியாயத்துக்கும் மேல். தேவயானியின் அபியை எங்கள் பக்கத்தில் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே நினைத்தார்கள், சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்குகிறவள், கட்டட வேலை எடுத்து ஆம்பிளைகள் நடுவில் நிமிர்ந்து நிற்கிறவள், வில்லன் ஆதியிடமே எதிர்த்துப் பேசுகிறவள். அவளுக்காக யாரும் வசனம் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. சேர்த்துச் சொல்ல ஆளும் இல்லை. எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் ஓடுவதை யார் யாருக்குச் சொல்வது? 2008 வாக்கில் கரண்ட் கட் அதிகமான பிறகு போனால் தெருவுக்கே போகும், எல்லோருக்கும் ஒரே கதை விட்டுப்போகும். தொல்காப்பியன் அபிக்கு நண்பனாகவே இருக்கட்டும், இல்லை, கட்டிக்கொள்ளட்டும் என்ற சண்டை மட்டும் கொஞ்ச நாள் தெருவில் நடந்தது.

இனி 2020. ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றதால் பழைய தொடர்களை மறுபடி போட்டார்கள், மெட்டி ஒலியும் வந்தது. அந்த நாட்களில்தான் பீடிக்கடையும் அடைத்துக் கிடந்தது. இலை இல்லை, தூள் இல்லை, கூலி இல்லை. திறந்த பிறகும் முழு வேலை வர நாளாயிற்று. கடன் வாங்கித்தான் கழித்தார்கள், அதை இனிப்பாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும்: எங்கள் அம்மா மாதிரிப் பெண்கள் முதல் முறையாக வெறுங்கையோடு மெட்டி ஒலி பார்த்தது அப்போதுதான். கண்ணால். "இந்தப் பிள்ள இவ்ளோ நேரமா இங்கேயா நின்னுச்சு?" என்று விஜியைப் பார்த்து அம்மா கேட்டது அப்போதுதான். டெல்லி குமார் சிதம்பரமாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இடங்களை அவள் முதலில் பார்த்தது அப்போதுதான். அன்றிலிருந்து சிதம்பரம் பற்றிய அவள் தீர்ப்பு மாறிவிட்டது, அவள் அவரை இப்போது அவ்வளவாகக் குறை சொல்வதில்லை. நான் சொல்கிறேன். ஐந்து பெண்களைத் தாயில்லாமல் வளர்த்த மனுசன், அந்தப் பாசத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் திரும்பி வா என்கிற சொல்லை மைனி அவர் வாயில் வைத்த அளவுக்குத் தொடர் வைக்கவில்லை. இதில் எங்கள் வீட்டில் இன்னமும் ஒத்துப்போகவில்லை.

2021 அக்டோபரில் விஜியாக நடித்த உமா மகேஸ்வரி இறந்துபோனார், 40 வயதுதான். அம்மா ரொம்ப வருத்தப்பட்டாள். ஊரடங்கில்தானே அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தாள், பார்த்துப் பழகுவதற்குள் போய்விட்டதே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேனென்றால், பழைய தொடர்களை வைத்திருக்கிற நிறுவனங்களுக்கும், பக்கம் நடத்துகிற ரசிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அழுகிற காட்சியையும் மாமியார் கத்துகிற காட்சியையும் மட்டும் வெட்டி ஒரு நிமிடத் துண்டாகப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் சத்தம் போட்டவர்கள் மட்டும்தான் மறுபடியும் மிஞ்சுவார்கள், எங்கள் பட்டாசலில் மிஞ்சின மாதிரி. முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை வரிசை மாறாமல், நடுவில் ஒன்றும் விட்டுப்போகாமல், நல்ல தரத்தில் வேண்டும். மெட்டி ஒலி, கோலங்கள் மட்டுமில்லை, சித்தி, அதற்கும் முன்னால் தூர்தர்ஷனில் வந்தவைகளும். எங்கள் பக்கத்துப் பெண்களில் பலருக்கு இப்போது வயதாகி முதுகும் கழுத்தும் போய் பீடியை விட்டாயிற்று. பார்ப்பதற்கு நேரம் இருக்கிறது, கண் இருக்கும்போதே பார்க்கட்டும்.

இரண்டாம் பாகம் கேட்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சித்தி 2 வந்தது, ராதிகாவே நடுவில் விலகிக்கொண்டார். முதல் பாகத்தையே இன்னும் முழுசாகப் பார்க்காதவர்கள் இருக்கும்போது இரண்டாவது எதற்கு?

ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் அம்மாவிடமோ ஆச்சியிடமோ கேட்டு எழுதுங்கள். சரோ பேசியதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது என்ன, யார் சொல்லிக் கேட்டது, எந்த வருடக் கொடையில் விட்டுப்போன கதை அது. அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் அவர்கள் வாய்வார்த்தையிலேயே போடுங்கள். மைனி சொன்னதில் எனக்கு ஞாபகம் இருக்கிறதையெல்லாம் நான் கமெண்டில் ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.