தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டி பற்றி ஒரு திருத்தம்

புதரடியில் தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டியைத் தாய் கைவிட்டுவிட்டது என்றும், உடனே தூக்கிவந்து பசும்பால் கொடுக்க வேண்டும் என்றும் சிலர் எழுதுவது தவறு. வனப் பூங்காவில் பணிபுரிபவன் என்ற முறையில் இதைத் திருத்த விரும்புகிறேன். தாயோடு ஓட வலுவில்லாத இளங்குட்டியை, பல இனங்களின் தாய் மான்கள் புல்லிலோ புதரிலோ மறைத்து வைத்துவிட்டு விலகியே மேய்கின்றன. தன் வாடை வேட்டை விலங்குகளை அங்கே இழுத்துவிடக் கூடாது என்பதால், பாலூட்டும் நேரங்களில் மட்டுமே தாய் திரும்பி வருகிறது. ஆள் நெருங்கினாலும் குட்டி அசையாமல் கிடப்பதைப் பலர் சோர்வு என்று எண்ணிவிடுகிறார்கள். உடல்வாடை மிகக் குறைந்த அதற்கு அசையாமையே பாதுகாப்பு. நாம் அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் தாய் வரத் தயங்கும் என்பதை, கோடையில் நிழல் தேடிப் புதரோரம் ஒதுங்கும் பார்வையாளர்கள் அவசியம் நினைவில் கொள்ள வேண்டும்.

மனிதக் கை பட்டாலே தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பதும் பெரும்பாலும் உண்மையல்ல. ஆகவே, தெரியாமல் தூக்கியவர்கள் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு விலகிவிடலாம். பசும்பாலைவிட மான்பாலில் கொழுப்பும் புரதமும் மிகுதி. பசும்பால் கொடுத்தால் குட்டிக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். காயம், மொய்க்கும் ஈக்கள், இடைவிடாத கதறல், அருகில் இறந்து கிடக்கும் தாய் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், குட்டியைத் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனப் பணியாளர்களிடம் தெரிவியுங்கள்.