சிமுலேட்டரில் ஓடினால் மட்டும் போதாது
மியூசிக் பிளேயர்களில் ஏற்றி ஓட்டும் இலவச மென்பொருளான ராக்பாக்ஸின் நிரலில் ஒரு திருத்தம் செய்தால், பிளேயரைப் போலவே கணினியில் நடித்துக் காட்டும் சிமுலேட்டரை ஓட்டிப் பார்த்தாலே போதும், நிஜக் கருவி தேவையில்லை என்று இந்தக் கட்டுரையில் இருக்கிறது. எனக்கு அது ஒத்துவரவில்லைங்க. மெனு, தீம், எழுத்துரு பார்க்க சிமுலேட்டர் அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் அது ஓடுவது கணினியின் நினைவகத்தில். பாட்டுப் பெயர்களில் 'கெ'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றதால், அதை முன்னால் கொண்டுவர போன வருசம் நானே கொஞ்சம் நிரல் எழுதினேன். சிமுலேட்டரில் ஒரு வாரம் பிசகாமல் ஓடியது. சோமனூரில் எங்கள் தறிக்குடோனில் அப்பா காதில் மாட்டிக் கேட்கும் பழைய பிளேயரில் ஏற்றினேன். மூன்றாவது பாட்டிலேயே திரை உறைந்து, ஸ்டாக் (ஓடும் நிரல் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவிடம்) நிரம்பி வழிந்தது என்று சொல்லும் ஒற்றை வரி மட்டும் நின்றது. நான் எழுதிய ஃபங்ஷனுக்குள்ளேயே 16 கிலோபைட் அளவுக்கு ஓர் அரே (தரவு வரிசை) வைத்திருந்தேன், அது ஸ்டாக்கில்தான் உட்காரும். கணினி ஒரு த்ரெட்டுக்கு (தனியாக ஓடும் ஒரு வேலைக்கு) மெகாபைட் கணக்கில் ஸ்டாக் கொடுக்கும். இந்தச் சின்னக் கருவிகளில் சில கிலோபைட்தான். அரேயை ஸ்டாட்டிக் ஆக்கி, அதாவது ஸ்டாக்குக்கு வெளியே நிரந்தர இடத்தில் வைத்ததும் சரியாகிவிட்டது. அப்புறம், ராக்பாக்ஸின் புது பில்ட் (பதிப்பு) அடிக்கடி நின்றுபோகிறது, பழையதற்கே திரும்பிவிடலாமா என்று மேலே பின்னூட்டத்தில் கோபி நண்பர் கேட்டிருக்கிறார். அவசரப்படாதீர்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் பைசெக்ட் கட்டளை போட்டு, நன்றாக ஓடிய பழைய பில்டுக்கும் புதியதற்கும் இடையிலுள்ள மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துப் பாருங்கள். இடையில் 64 மாற்றங்கள் இருந்தாலும் ஆறு முறை ஏற்றிப் பார்த்தால் எது கெடுத்தது என்று சிக்கிவிடும். ஒவ்வொரு முறையும் அதே பாட்டை அதே கார்டிலிருந்து போடுங்கள், பேட்டரியும் நிறைந்திருக்கட்டும்.