பந்து உதைத்தவர்களின் சுயசரிதைகள்: படிக்கலாமா, விட்டுவிடலாமா?

ஓசூர் நண்பர் ஒருவர், இங்கிலாந்தின் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில் ஆட்டம் ஒன்றையும் தவறவிடாதவர், "பந்து உதைக்கிறவன் சுயசரிதைல அப்படி என்னங்க இருக்கப் போகுது?" என்றார். பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒன்றும் இருக்காதுதான். 2006இல் இங்கிலாந்து வீரர் வெய்ன் ரூனி ஐந்து புத்தகங்களுக்கு 50 லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டதாகச் செய்தி வந்தது. அப்போது அவருக்கு வயது 20. ஐந்து புத்தகத்துக்குச் சரக்கு எங்கிருந்து வரும்? முதல் புத்தகத்திலேயே தன் பழைய அணி மேனேஜர் (பயிற்சியாளர்) டேவிட் மோயஸைப் பற்றி எழுதி, அவதூறு வழக்காகி, மன்னிப்பும் நஷ்ட ஈடும் கொடுத்துத்தான் முடிந்தது.

நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். எழுதுகிறவர் தனக்கே பாதகமாக எதையாவது சொல்கிறாரா? கோப்பை வாங்கிய கதை யூடியூபிலேயே கிடைக்கிறது.

மான்செஸ்டர் யுனைடெட் வீரர் ராய் கீன் அப்படிச் சொன்னார். 2001இல் மான்செஸ்டர் டெர்பியில் (அந்த ஊரின் இரண்டு அணிகளும் மோதும் ஆட்டம்) எதிரணியின் ஆல்ஃபி ஹாலண்டின் (இப்போதைய வீரர் எர்லிங் ஹாலண்டின் அப்பாதான்) முழங்காலில் போய் மோதியது பழைய கணக்கைத் தீர்க்கத்தான் என்று அடுத்த ஆண்டு புத்தகத்தில் வந்தது. விளைவு, ஐந்து ஆட்டத் தடை, ஒன்றரை லட்சம் பவுண்டு அபராதம். புத்தகத்தை எழுதிக்கொடுத்த ஈமன் டன்ஃபி, "வார்த்தைகள் என்னுடையவை" என்கிற மாதிரி அந்த விசாரணையில் சாட்சி சொன்னார். இங்கேதான் சிக்கல். இந்தப் புத்தகங்களில் பேசுவது ஒருவர், எழுதுவது இன்னொருவர். ஸ்வீடன் வீரர் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சின் புத்தகத்தை எழுதிய லாகர்கிராண்ட்ஸும், அதில் ஸ்லாட்டன் சொன்னது சொன்னபடி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று பின்னால் சொல்லிவிட்டார். இருந்தாலும் மால்மோ நகரத்து ரோசன்கோர்டு குடியிருப்பு, காலியான ஃப்ரிட்ஜ், திருடிய சைக்கிள்கள் எல்லாம் மனதில் நிற்கின்றன. அதனால் எனக்குப் புகார் இல்லை.

தெரியாமல் மாட்டிக்கொள்வது இன்னொரு வகை. லண்டன் அணியான ஆர்சனல் வாரத்துக்கு 60,000 பவுண்டு சம்பளம் தரும் என்று நம்பியிருந்த அதன் வீரர் ஆஷ்லி கோல், 55,000தான் என்று போனில் கேட்டதும் கார் சாலையை விட்டே இறங்கப் பார்த்தது என்று எழுதினார். ரசிகர்கள் நம் பக்கம் நிற்பார்கள் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார், பாவம். அந்தப் பக்கத்துக்காகவே அதைப் புரட்டலாம், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

ஒன்றே ஒன்று என்றால் டோனி ஆடம்ஸ். இங்கிலாந்து அணிக்கும் ஆர்சனலுக்கும் கேப்டனாக இருந்தவர், குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காகச் சிறைக்குப் போனவர். 1996இல் தான் குடிநோயாளி என்று வெளிப்படையாகச் சொன்னார், 1998இல் புத்தகம் வந்தது. அதே ஆண்டு அவர் தலைமையில் ஆர்சனல் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் வென்றது. படிக்கும்போது எனக்கு லண்டன் நினைவே இல்லை. தர்மபுரி, காவேரிப்பட்டணம் பக்கம் பள்ளி மைதானங்களில் பந்தோ கபடியோ பிரமாதமாக ஆடிவிட்டு, முப்பது வயதுக்குள் டாஸ்மாக் வாசலிலேயே நின்றுபோன பையன்கள்தான் கண்ணில் வந்தார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுத இங்கே ஆள் இல்லை.

ஆங்கிலம் கஷ்டமாயிற்றே என்று தயங்க வேண்டாம். பெரும்பாலும் பேச்சு நடைதான், பிளஸ் டூ ஆங்கிலமே போதும். பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் தேடினால் மலிவாகவே கிடைக்கும். கிருஷ்ணகிரி பக்கம் யாருக்காவது ஆடம்ஸ் வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள், தருகிறேன். ரூனியை மட்டும் கேட்காதீர்கள், எடைக்குப் போட்டாயிற்று.