லாக் நெஸ் ஏரி விமானத்தை யாரும் சுட்டு வீழ்த்தவில்லை

ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இரண்டாம் உலகப் போரின்போது மூழ்கிய பிரிட்டனின் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தை ஜெர்மானியர்கள் சுட்டு வீழ்த்தினார்கள், அதிலிருந்த எல்லோரும் இறந்துபோனார்கள் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1940 டிசம்பர் 31 அன்று அது கிளம்பியது பயிற்சிக்கு. பனிப்புயலில் வலது இன்ஜின் நின்றுபோய், உயரம் மளமளவென்று குறைந்தது. அதிலிருந்த எட்டுப் பேரில் ஆறு பேர் பாராசூட்டில் குதித்தார்கள். பின்புறத் துப்பாக்கி வீரருக்கு மட்டும் பாராசூட் கைகொடுக்கவில்லை; அவர் இறந்தார். அந்த ஒரு மரணத்தை எட்டாகப் பெருக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. இரண்டு விமானிகளும் விமானத்தை ஏரியிலேயே இறக்கி, ரப்பர் படகில் ஏறித் தப்பினார்கள்.

1939 டிசம்பரில் வட கடலில் உள்ள ஜெர்மன் தீவான ஹெலிகோலாந்து அருகே நடந்த சண்டையில் ஜெர்மானியர்களிடம் தப்பித் திரும்பிய விமானம்தான் இது. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். 1985-ல் ஏரியிலிருந்து எடுக்கப்பட்டு, இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.