புள்ளிக் கணக்கு மட்டும் போதாது

ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறிக் கதை சொல்லி ஆடும் சூப்பர் ஹீரோ ஆட்டத்தில், எல்லாப் பாத்திரங்களுக்கும் சக்தி வாங்க ஒரே அளவு புள்ளி கொடுத்துவிட்டால் சமநிலை தானாக வந்துவிடும் என்கிறது உங்கள் கட்டுரை. என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. 1981-இல் வந்த சாம்பியன்ஸ் புள்ளி கொடுத்துச் சக்தி வாங்கும் ஆட்டம்தான். ஆனால் அதன் விதிகளிலேயே, சக்தியோடு சேர்க்கும் குறைபாடு உண்மையில் தொந்தரவு தராவிட்டால், அதற்காகச் சக்தியின் விலையில் கழிவு கிடையாது. மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் என்ற இன்னொரு ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பில், பத்தாம் சக்தி நிலையில் (பாத்திரங்களின் பலத்துக்கு வைக்கும் படிநிலை) ஆளுக்கு 150 புள்ளி. இருந்தாலும் தாக்குதல் எண்ணும் (குறி எவ்வளவு துல்லியம்) அடியின் தர எண்ணும் (அடி எவ்வளவு பலம்) சேர்ந்து 20-ஐத் தாண்டக் கூடாது. குறி தப்பாதவன் அடி லேசாக விழும், பலசாலிக்குக் குறி தவறும். இந்த உச்சவரம்புதான் ஆட்டத்தைக் காப்பாற்றுகிறது.

அப்புறம், களம், அதாவது சண்டை நடக்கும் இடம், அதையும் பார்க்க வேண்டும். நாங்கள் சேலத்திலேயே கதையை வைத்து ஆடுகிறோம். எங்கள் குழுவில் ஒரு தம்பியின் பாத்திரம் இரும்பை அசைக்கும். உருக்காலைப் பக்கம் சண்டை வந்தால் அவனை யாரும் நெருங்க முடியாது. கஞ்சமலையிலும் அப்படித்தான், இரும்புத் தாது உள்ள மலையாச்சே! அதே ஆள் மேக்னசைட் சுரங்கத்தில் இறங்கினால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட், காந்தத்துக்கு மசியாது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பனிமூட்டம் இறங்கும்போது, கண்ணால் சுடும் பாத்திரம் திணற, காது கூர்மையான பாத்திரம் முன்னே வரும். புள்ளியில் இரண்டும் சமம்தான்.

ஆட்டத்தை நடத்துபவர் களத்தை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் அடுத்த பகுதியில் விரிவாக எழுதுங்கள்.